ஓடில்லாப் புதன்

கிழமைப் பெயர்கள்தான் வைத்தாள் ரோண்டா கத்பர்ட்.
ஏழு வாங்கப் போய் ஐந்தே கிடைத்ததால்
அவள் கொல்லையில் வார இறுதி கிடையாது.

ஜூலை. தாஸ்மேனியாவின் தென்கோடி.
டோவர் விரிகுடாவில் ஐந்தடிக்கும் முன்பே இருட்டிவிடும்.
திங்கள் இறகுதிர்த்து, பாதி உரித்த தலையணையாய் நிற்கிறாள்.
செவ்வாய் தான் இட்டதைத் தானே கொத்திக் குடிக்கிறாள்.
வெள்ளி, படகு டிரெய்லருக்கு அடியில்
யாருக்கும் சொல்லாமல் பதினொன்று சேர்த்து வைத்திருந்தாள்.
வியாழனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை;
ஒழுங்காக இடுகிறவர்களைப் பற்றி
யார்தான் என்ன சொல்லிவிடுகிறோம்.

புதன்தான்.
பொன் கிடைத்தாலும் கிடைக்காது என்போமே, அந்தப் புதன்.
கூட்டுக்குள் போகிறாள், முக்குகிறாள், வெளியே வருகிறாள்,
அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தவள் போல்
மறுபடி உள்ளே போகிறாள்.
வால் தாழ்ந்து, நெஞ்சு நிமிர்ந்து
பென்குயின் மாதிரி நிற்கிறாள், மூன்று நாளாக.
கொண்டையில் சாயம் போய்விட்டது.

வேலிக்கு அப்பாலிருந்து கெல்வின் கணக்குச் சொன்னான்:
கோழி இருபத்தைந்து டாலர்.
கால்நடை டாக்டர் கதவைத் திறந்தாலே நூற்றுத் தொண்ணூறு.
‘கோடாலி வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது.’
‘தெரியும்,’ என்றாள் ரோண்டா.
‘போன வருஷம் என்னிடம் வாங்கிப் போனதுதானே.’

துணி துவைக்கும் தொட்டியில் வெந்நீர்,
முழங்கை பொறுக்கும் சூடு.
இரண்டு கரண்டி எப்சம் உப்பு.
புதனை வயிறுவரை அமிழ்த்தி
இருபது நிமிடம் பிடித்துக்கொண்டே நின்றாள்.
சிப்பிக் கத்தி கிழித்த பழைய கீறல்களில்
உப்பு ஒவ்வொன்றாய்ப் போய் விசாரித்தது.
கோழி கீழிருந்து மேலாகக் கண்ணை மூடியது.
கனம் முழுவதையும் அவள் கையில் விட்டது.

பிறகு ஆலிவ் எண்ணெய் தடவிய ஒரு விரல்.
பதினெட்டு வருஷமாகச் சிப்பிப் பண்ணையில் இருக்கிற விரல்;
மூடியிருக்கும்போதே
எது உயிர், எது வெறும் சேறு என்று சொல்லும்.
கல் போல ஒன்றைத் தேடிப் போனது,
நீர் நிரம்பிய பலூனைத் தொட்டுவிட்டு
மெல்லத் திரும்பி வந்தது.

முடி உலர்த்தும் கருவியால் இறகை உலர்த்தினாள்.
கணப்படுப்பு ஓரம் ஆப்பிள் பெட்டி, அதன் மேல் ஒரு சாக்கு.
காலை ஷிப்டுக்கு நாலரைக்கு எழ வேண்டும்.
எழ வேண்டியிருக்கவில்லை. தூங்கினால்தானே.

இரண்டு நாற்பதுக்குப் பெட்டிக்குள் ஒரு ஈரச் சத்தம்.
தேங்காய் வழுக்கை போல் தொளதொளவென்று,
தோல் உண்டு, ஓடில்லை.
உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்தாள்.
மஞ்சள் கரு மட்டும், எதுவும் நடக்காதது போல்,
தன் இடத்தில் மிதந்துகொண்டிருந்தது.

பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால்
லாரி லாரியாய்ச் சிப்பி ஓடு, ஒரு குன்று.
மழை பெய்தால் அது முழுக்க முனகும்.
அதிலிருந்து வாளி வாளியாய் அள்ளி வந்து
சுத்தியலால் நொறுக்கி
கோழிகளின் கிண்ணத்தில் போடுகிறவள் இவள்.
கிண்ணம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.
புதனும் தின்றுகொண்டுதான் இருந்தாள்.

இதைத்தான் அவளால் யாருக்கும் விளக்க முடியவில்லை.
பற்றாக்குறை என்றால் வாளியைத் தூக்கலாம்.
தின்பது தின்றபடி இருக்க
உள்ளே ஏதோ ஒரு கை
வாங்கிக்கொள்வதை நிறுத்திவிட்டால்?

அதற்குப் பிறகு புதன் இடவில்லை.
மண்ணைக் கிளறுகிறாள், வெயில் வந்தால் சிறகு விரிக்கிறாள்,
முட்டைக்கூட்டில் போய் உட்கார்ந்து
அரைமணி நேரம் ஆன பின்
கொல்லை அதிரக் கொக்கரித்துக்கொண்டு வெளியே வருகிறாள்.
ரோண்டா தினமும் போய்ப் பார்க்கிறாள்.
வைக்கோலில் சூடு மட்டும் இருக்கும்.
அதில் கையை வைத்துக் கொஞ்ச நேரம்
சும்மா நிற்கிறாள். குளிர்காலம்தானே.

கெல்வின் கோடாலியைத் திருப்பிக் கொடுக்க வந்தான்.
‘புதன் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா?’

‘இன்றைக்குச் செவ்வாய்,’ என்றாள் ரோண்டா,
கோடாலியை வாங்கி விறகுக்குப் பின்னால் சாத்தியபடி.
‘நாளைக்கு வரும்.’